சாணி மெழுகிய ரோமாபுரித் தரை

இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சிங்காநல்லூருக்குக் கிழக்கே ஒரு சோளக்காட்டில் பழங்காலத்து வீடொன்றைத் தோண்டினோம். படம் வரைவது என் வேலை. செங்கல் சுவர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. உள்ளே மண்தரை, மூலையில் அடுப்பு, அதைச் சுற்றி உடைந்தபடியே கிடந்த பானையோடுகள். ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்த மதுச்சாடி ஒன்றின் கூர்மையான அடிப்பாகம் தரையில் குத்தி நின்றது.

எதையும் தொடவேண்டாமென்று சொல்லி வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வரும் தொல்பொருள் இலாகாத் துரை எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே பார்த்தால்தான் நிலத்தை வாங்கிக் கூரை போடுவார்கள். இல்லாவிட்டால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

அன்று காலை துரையை அழைத்துவர ரயிலடிக்குப் போனேன். திரும்பி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தால், தரை முழுக்கப் பச்சைச் சாணி. நடுவில் கோலம் வேறு. அடுப்புச் சாம்பலைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓடுகளும் சாடியும் வேலியோரக் குப்பையில் கிடந்தன.

"யாருங்க இதைச் செஞ்சது?" என்று நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரரைக் கேட்டேன்.

"நாங்கதானுங்க சாணி வழிச்சுப்போட்டோம். பெரியவங்க வார ஊடு. குப்பையுங் கூளமுமா உட்டா மரியாதையா இருக்குமுங்களா?"

தொடாதே என்றது தோண்டுகிற ஆட்களுக்கு என்று நினைத்தாராம். கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த ஊரில் அதுதான் கொடுமை, ஆளை அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிக்க வேண்டும்.

துரை மேலேயே நின்றுகொண்டு, நேற்றுப் போட்ட தரை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார், பாவி. நான் பாதி வரைந்திருந்த படத்தை அவர் நம்பவில்லை. குனிந்து சுவரையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். மூடச் சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டு வண்டியேறினார்.

மறுநாள் ஆட்கள் மண் தள்ள வந்தபோது காட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஊடு சுத்தமா இருந்துச்சுன்னு துரை சொன்னாருங்களா?"

"உங்க சுத்தத்துலதானுங்க எல்லாம் போச்சு" என்று கத்தினேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. குழிக்குள் இறங்கி, குத்தவைத்து, சாணியைக் கைவிரலால் சுரண்டத் தொடங்கினார்.

"அடியில பழசு அப்பிடியேதான் இருக்குமுங்க."

காய்ந்த சாணியோடு பழைய தரையும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது.