ஆளுக்கொரு முனை

என் அண்ணி ஒலாந்தினாவுக்கு வாய் நீளம். தீமோரின் தலைநகர் டிலியில், சந்தையில் கீரை விற்கிறவள். பேரம் பேச வந்தவன் முதுகு மறையும்வரை விடமாட்டாள். அந்த வாயில் அகப்பட்டு நானும் பல தடவை அரைபட்டிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்ததில் உருப்படியானது அவள் ஒருத்திதான்.

நாங்கள் தீமோரின் கிழக்குப் பக்கத்து ஆட்கள். பக்கத்து வீட்டு மார்சால் மேற்கத்தியன், பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவன் பிள்ளைகள் பாதி நாள் அண்ணியின் அடுப்படியில்தான் சாப்பிட்டார்கள். நாட்டு ராணுவத்துக்குள் மூண்ட கிழக்கு மேற்குச் சண்டை தெருவுக்கு இறங்கிய வருஷம், எங்கள் சந்தில் கிழக்கத்தியர் வீடுகள் எரிந்தன. அண்ணியின் வீட்டுக்குத் தீ வைத்தவன் மார்சால். வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளே பார்த்தாள். அப்புறம் ரெண்டு வருஷம் அவளும் என் அண்ணனும் அகதி முகாமில், கூடாரத்தில் கிடந்தார்கள்.

கூடாரங்களைக் காலி செய்து எல்லோரையும் வீடு சேர்க்க வெளிநாட்டு சமாதானக் குழு ஒன்று வந்தது. அதன் பொறுப்பாளர் ஹென்ரிக். வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க வீடு வீடாக ஏறி இறங்கினார். கூரைத் தகடும் அரிசியும் அவர் தயவில் வந்தவைதான். இங்கே பகை தீர்க்கப் பாய் விரிப்பார்கள் என்று யாரோ சொல்ல, புதுப் பாய்கள் வாங்கி வந்து சந்தின் நடுவே விரித்து, பேனரும் கட்டினார்.

பாய் விரித்தால், பகைத்தவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, ஒரே வெற்றிலையைப் பகிர்ந்து மென்று, ஆளுக்கொரு முனையிலிருந்து பாயைச் சுருட்ட வேண்டும். அதுவரை பாய் கிடக்கும். அன்று மார்சால் வரவேயில்லை. விருந்தாளிகள் முன்னால் மானம் போகிறதே என்று ஊர்த்தலைவர் அவனுக்குப் பதிலாக அண்ணிக்கு எதிரே தானே உட்கார்ந்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், சோறு போட்டார்கள். குழுவின் வண்டி அடுத்த சந்துக்குப் போக வேண்டும் என்று பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அண்ணி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதேம்மா," என்றார் ஹென்ரிக்.

"யாருக்கு சார் முடிஞ்சுது? என் வீட்டைத் தலைவரா கொளுத்தினாரு?"

தலைவருக்குப் புரையேறியது.

"இது குழுவோட பாய்ம்மா. அடுத்த இடத்துக்கு வேணும்."

"அவ்வளவுதானே? எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட பாய் இருக்கு."

கூடாரத்தில் படுத்திருந்த கிழிசல் பாயைக் கொண்டுவந்து அதே இடத்தில் விரித்து உட்கார்ந்தாள். ஹென்ரிக் வண்டியில் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் சந்துக்கென்று அவருக்கு ஒதுக்கியிருந்தது ஒரு காலைப்பொழுதுதான்.

அண்ணன் கெஞ்சினான். "விடேன் ஒலாந்தினா. கூரை வந்துடுச்சு, அரிசி வந்துடுச்சு. இன்னும் என்ன?"

"கொளுத்தினவன் பக்கத்துலயே இருக்கான். அவன் வாயால கேக்காம அந்தக் கூரைக்கு அடியில எனக்குத் தூக்கம் வருமா? உனக்கு வந்தா நீ போய்த் தூங்கு."

அண்ணன் போய்த் தூங்கினான்.

சந்தையிலிருந்து வந்ததும் அவள் நேரே பாய்க்குத்தான் போவாள். கீரை ஆய்வது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் அங்கேயே. மோட்டார் சைக்கிள்கள் பாயைச் சுற்றி வளைந்து போகப் பழகிக்கொண்டன. மழை பிடித்ததும் மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக்கொண்டாள். மார்சால் மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான். "உன்னாலதான்டா எங்க வாசல்ல பாய் கிடக்கு" என்று அவன் ஆட்களே ஏச ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். அண்ணி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நான்தான்க்கா வெச்சேன்," என்றான். "வைக்கலேன்னா என் வீட்டைக் கொளுத்துவோம்னு எங்காளுங்க மிரட்டினாங்க. ஆனா வெச்சது என் கைதான்."

"எங்கேருந்து ஆரம்பிச்ச?"

"அடுப்படிலேருந்து."

அப்போதுதான் அவள் கை நின்றது. சந்தே வேலியோரம் கூடிவிட்டது.

"என் கோழிங்க?"

"தின்னுட்டோம்க்கா." அவன் அழுதுவிட்டான். "தொண்டைல இறங்கலக்கா."

"பொய் சொல்லாத. நான் வளத்த கோழி, இறங்காம இருக்குமா?"

அழுகைக்கு நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒரு வெற்றிலையைக் கிழித்துப் பாதியை நீட்டினாள். இருவரும் மென்றார்கள். ஆளுக்கொரு முனையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். இவள் என் அண்ணி என்று ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்குள் படுத்தாள்.

மறுவருஷம் ஹென்ரிக் ஊர் திரும்புமுன் விடைபெற வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"அந்தப் பாயை ஒரு தடவை விரிச்சு, நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்க அலுவலகச் சுவர்ல தலைவர் படம்தான் இருக்கு."

"விரிச்சா மறுபடியும் பேசணும் சார். எங்களுக்குள்ள பேச ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள் அண்ணி. "உள்ள வாங்க, சாப்பிட்டுப் போகலாம். கோழிக் குழம்பு. மார்சால் வளத்த கோழி."