காற்று நின்ற பொங்கல்

பொங்கலுக்கு முதல் நாள் மாலை, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் என் மனைவி கரும்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என் கண் கடைத் தோரணத்தின் மேல். நான் லீவு எடுத்த நாளிலிருந்தே ஒரு மாவிலைகூட அசையவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"காத்தே இல்ல."

"மழை விட்டுச்சுன்னு ஊரே சந்தோஷமா கடைக்கு வந்திருக்கு. உங்களுக்கு அதுலயும் பயம் லா!"

நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். மலேசியாவை ஒட்டிய ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன் பண்ணையில் வேலை. கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பயந்து பயந்து தெரிந்துகொண்டதுதான். வடகிழக்குப் பருவக்காற்று தண்ணீரைக் கலக்கி, அடியில் கிடக்கும் சத்தை மேலே கொண்டுவரும். பிளாங்க்டன் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை பாசி வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமாகப் புரளும், அவ்வளவாகப் பெருகாது. காற்று நின்று வெயில் அடித்தால் போச்சு. வெளிச்சத்திலேயே கிடந்து பெருகிவிடும். இரவில் தண்ணீரிலிருக்கும் மூச்சுக்காற்றையெல்லாம் அது இழுக்க, விடிவதற்குள் கூண்டு மீன் திணறும். இன்னொரு முறை மீன் மொத்தமாகச் செத்தால் பண்ணையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

பண்ணையில் என்னோடு வேலை செய்யும் நாகப்பட்டினத்துக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "தண்ணி என்ன நிறம்?"

"பச்சைக் கஞ்சி மாதிரி இருக்குண்ணே. மீனுக்கும் இன்னைக்கே பொங்கல் வச்சுட்டேன்."

"என்னது?"

"நாளைக்குக் காலையில லீவு போடலாம்னு, நாளைத் தீனியையும் சேர்த்துப் போட்டுட்டேன்."

வயிறு நிறைந்த மீனுக்குத்தான் மூச்சு இன்னும் அதிகம் வேண்டும்.

"தண்ணிக்குள்ள காத்து ஊதுற மெஷின் எல்லாத்தையும் போடுங்க! இனி ஒரு பிடி தீனிகூடப் போடாதீங்க!"

இருட்டியபின் படகு கிடையாது. காலையில் முதல் படகில் போனேன். பண்ணை மேடையில் ஏறும்போதே மீன்கள் வாயைப் பிளந்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெஷின் குழாய் எட்டாத ஓரக் கூண்டில் எல்லாம் வெள்ளை வயிறாக மிதந்தன. மற்றவற்றில் உயிர் இருந்தது.

"முதலாளிகிட்ட நான்தான் சொல்லணுமாண்ணே?"

"ரெண்டு பேரும் சொல்வோம்."

எத்தனை கூண்டு போச்சு என்று முதலாளி போனில் கேட்டார். பிறகு, மிச்சத்தையாவது காப்பாற்று என்றார்.

மதியம் வடக்கிலிருந்து தண்ணீர் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கி வந்தது. காற்று. மீன்கள் கீழே இறங்கின. அப்போது மனைவி கூப்பிட்டாள்.

"பொங்கல் ஆறிப்போச்சு. மீன் என்னாச்சு?"

"பாதிக்கு மேல பொழச்சிருச்சு. காத்து வந்துருச்சு."

"அப்புறம் என்ன, கிளம்பி வாங்க."

"இந்தக் காத்தும் பாசிக்கான சத்தையெல்லாம் இன்னும் மேல கிளப்பிட்டுத்தானே நிக்கும்," என்றேன்.