மாட்டாமல் விட்ட இரண்டு பக்கிள்கள்

மூன்று வருடங்களுக்கு முன், பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே இருக்கும் லோனாவ்லாவைத் தாண்டி உள்ள ஒரு புல்மேட்டில் இது நடந்தது.

நான் தாராவியில் ஸ்கூல் பேக் தைக்கும் பட்டறையில் இருபது வருடமாக மெஷினில் உட்காருகிறவள். ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டால்கூட கண்டக்டரிடம் சொல்லமாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவேன்.

அப்படிப்பட்டவள் பாராகிளைடிங் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் ஒரு பிய்ந்த பை. பட்டறைக்கு ஒருவர் பெரிய முதுகுப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். தோள்வாரைத் தைத்துத் தர வேண்டும். உள்ளே இருந்ததை அவர் வெளியே எடுத்து வைத்தபோது தொட்டுப் பார்த்தேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய துணி. இதை விரித்துப் பிடித்துத்தான் மலையிலிருந்து பறக்கிறோம் என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் மகள் போனில் வீடியோ காட்டினாள். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் ஒரு தடவ பறக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று ஒன்றை நான் கேட்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மகள் யோசிக்கவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை. மாடி ரூமில் இருக்கும் நாத்தனார், "பஸ்ஸுல நகந்து உக்காருங்கன்னு சொல்லவே கூச்சப்படுவிய. நீங்க போயி வானத்துல பறக்கப் போறியளாக்கும் மதினி!" என்றாள். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "ஏளா, எறங்கும்போது நம்ம தகரக் கூர மேல எறங்கிராத. இப்பதான் ஒழுக்கு அடச்சி வச்சிருக்கேன்" என்றார்.

முதல் இரண்டு ஞாயிறும் மகள் கூடவே வந்தாள். பறக்கும்போது முதுகுப்பை போல ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். ஹார்னஸ் என்பார்கள். அதில்தான் உட்கார்ந்து பறப்பது. மார்புக்கு ஒரு பக்கிள், இரண்டு தொடைகளையும் சுற்றி இரண்டு பக்கிள். தொடை வாரை மாட்ட வேண்டுமென்றால் நீளமான குர்தாவைத் தூக்கியாக வேண்டும். உள்ளே மகளுடைய டிராக் பேன்ட் இருந்தது, இருந்தாலும் சுற்றி ஆண்கள் நிற்கிறார்களே! மகள் துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொள்வாள், நான் மாட்டிக்கொள்வேன்.

மூன்றாவது ஞாயிறு மகளுக்கு ஆபீஸில் வேலை. தனியாகப் போனேன். அன்றுதான் சின்ன மேட்டிலிருந்து முதன்முதலாக ஓடி எழும்ப வேண்டிய நாள். மார்பு பக்கிளை மாட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் எங்கே போய் மாட்டுவது என்று சுற்றிமுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காற்று சரியாக வந்துவிட்டது. பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயது மராத்திக்காரர். பெண்களையெல்லாம் அக்கா என்ற அர்த்தத்தில் "தாயி" என்று கூப்பிடுவார். மார்பு பக்கிளை இழுத்துப் பார்த்துவிட்டு, கால் பக்கம் கையைக் காட்டி, "ஹோ கயா?" என்று கேட்டார். மாட்டியாயிற்றா என்று.

பின்னால் ஐந்து பேர் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு, "ஹோ கயா" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய். ஒரு பையில் வார் சரியாக மாட்டவில்லையென்றால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சின்ன மேடுதானே, மார்பு பக்கிள் தாங்கிவிடும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஓடினேன். தலைக்கு மேல் துணி விரிந்து இழுத்தது, பாதம் தரையை விட்டது. உட்காருவதற்கு இடம் இல்லை. ஹார்னஸ் மேலே ஏறிக்கொண்டே போனது, நான் கீழே நழுவிக்கொண்டே இருந்தேன். மார்பு வார் கழுத்தடிக்கு வந்துவிட்டது. இரண்டு அக்குளிலும் தொங்குகிறேன், கீழே இரண்டு மாடி ஆழத்தில் தரை. கத்தக்கூட வாய் வரவில்லை. தோளில் இருந்த வயர்லெஸ்ஸில் அவர் குரல்: "தாயி, கையை மேலே தூக்காதே! முழங்கையை உடம்போடு சேர்த்து இறுக்கு! கீழே பார்க்காதே!" அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினேன். மேட்டின் அடியில் அறுவடை முடிந்த வயலில் முழங்கால் தேய விழுந்தேன்.

அவர் ஓடிவந்தார், மற்றவர்களும் வந்தார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஹார்னஸைத் திருப்பிப் பார்த்து, பக்கிள் தானாகத் திறந்திருக்கிறது, இனி இந்த ஹார்னஸ் வேண்டாம், எல்லாவற்றையும் சோதிக்கும்வரை யாரும் பறக்க வேண்டாம் என்று அறிவித்தார். பழுதான சாமானைக் கொடுத்துவிட்டதாக என்னிடம் கை கூப்பி மன்னிப்பும் கேட்டார்.

நான் பேசாமல் இருந்தால் போதும். பழி பக்கிள் மேல் போய்விடும், என் மேல் எல்லோருக்கும் இரக்கம்தான் வரும். ஆறு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் செய்யாத தப்புக்குக் கை கூப்பி நிற்கிறார். எனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில், "பக்கிள் டீக் ஹை. மைனே லகாயா நஹி. ஜூட் போலா" என்றேன். பக்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, நான் மாட்டவில்லை, பொய் சொன்னேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையில் இருந்த ஹார்னஸைக் கீழே வைத்தார். பிறகு, "பாதித் தப்பு என்னுடையது தாயி. பெண்கள் சங்கடப்படுவார்களே என்று நான் கையால் இழுத்துப் பார்க்காமல் வாயால் கேட்டேன்" என்றார்.

அதுவரை எல்லோரிடமும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்த ஒரு பேங்க் வேலைப் பெண், மும்பையில் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவைச் சேர்ந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்: "ஆன்ட்டி, போன வாரம் நானும் லூஸாதான் விட்டிருந்தேன். டைட் பண்ணினா அசிங்கமா தெரியும்னு. யார்ட்டயும் சொல்லல." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வாங்கோ, நான் மறைச்சுண்டு நிக்கறேன், நீங்க மாட்டிக்கோங்கோ" என்றாள்.

முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேடேறினேன். அவள் மூன்று பக்கிளையும் இழுத்துப் பார்த்தாள், அவளுடையதை நான் இழுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஹார்னஸ் என்னை உட்கார வைத்தது. புல்லின் மேல் என் நிழல் எனக்கு முன்னால் ஓடியது. இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

இப்போதும் குளிர்காலத்தில் நாலைந்து ஞாயிறு போய்விட்டு வருகிறேன். அங்கே யாரும் "ஹோ கயா?" என்று கேட்பதில்லை, ஒருவருக்கொருவர் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஓடுகிறோம். அன்று பழியைப் பக்கிள் மேல் போட்டிருந்தால் அந்த மேட்டில் மறுபடி கால் வைத்திருக்கமாட்டேன். கூச்சம் என்று இத்தனை வருடம் நான் சொல்லிக்கொண்டு திரிந்ததில் பாதி, உண்மையைச் சொல்லப் பயந்த பயம்தான் என்பதை அந்த வயலில் நின்ற நிமிடம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.