தூண்டிலாக வந்த குருதி

எண்பதுகளின் நடுவில், எங்கள் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. இழையின் முனையைப் பற்றிக்கொள்ளும் ஒரு மனிதப் புரதத்தின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிட்டிய ஒரே தூண்டில், வடக்குப்பட்டில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணின் குருதி. அவளுக்குக் கண்ணும் வாயும் உலர்ந்து, விரல்மூட்டுகள் வீங்கியிருந்தன. அவளுடல் தன் சொந்தப் புரதத்தையே பகையெனக் கருதி அதற்கு எதிர்ப்பொருள் சுரந்தது.

மனித மரபணுத் துண்டுகளைத் தாங்கிய நுண்ணுயிர்களை மென்தாளில் ஒற்றியெடுத்து, அவள் குருதியின் தெளிநீரில் நனைப்போம். தேடும் புரதம் விளைந்த இடம் மட்டும் நிறமேற்றியதும் கருக்கும். புள்ளிகள் மையிட்டாற்போல் எழுந்தன. அவற்றினின்றே மரபணுவைப் பிரித்தெடுத்தோம். ஆய்வகத்தில் இனிப்பு வழங்கினார்கள். புள்ளியின் கருமை அவளுக்குள் மூண்டிருந்த பகையின் அளவு என்பதை எவரும் பேசவில்லை.

மீண்டும் குருதி வேண்டிச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி, வாடகை மிதிவண்டியில் சென்றேன். அன்று காலைதான் அவளுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். அவள் கருவுற்றிருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

"வந்துட்டாரு ரத்தம் உறிஞ்சறவரு," என்றாள் மாமியார். "வளையல் அடுக்கின கைல ஊசி குத்தக் கூடாது சார்."

கூடியிருந்த பெண்கள் சிரித்தனர். மாலையில் மணிமங்கலத்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களாம். செவிலியம்மா வயிற்றில் கருவி வைத்துக் கேட்டதையும் மாமியார் பெருமையுடன் சொன்னாள்: "புள்ள நெஞ்சு மெதுவா அடிச்சிக்கினு கீதாம். அப்ப ஆம்பளப் புள்ளதான்."

இவ்வகை எதிர்ப்பொருள் தாயிடமிருந்து கருவுக்குள் கடந்து அதன் இதயத்துடிப்பைத் தளர்த்தக்கூடும் என்று அண்மையில்தான் ஓர் அயல்நாட்டு ஆய்விதழில் படித்திருந்தேன். ஊசிப்பையை மூடிவிட்டு, அவள் இன்றே சென்னைப் பெருமருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாமியார் மறுத்தாள். நல்ல நாளில் இவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அந்த இளம்பெண் என்னைப் பார்த்தாள்.

"என் ரத்தமா சார் புள்ளய இன்னாவோ பண்ணுது?"

"இருக்கலாம் அம்மா."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "பஸ்ஸுக்குப் போலாம் அத்த," என்றாள்.

மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் குழல்போன்ற கருவியை வயிற்றில் வைத்துச் செவிமடுத்தார். பிறகு தம் மூத்தவரை அழைத்துவந்தார். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணியபடி நெடுநேரம் நிமிரவில்லை. அவள் அவர் முகத்தையே நோக்கியிருந்தாள்.