மல்லாந்து படுக்க முடியாதவர்

சென்ற வாரம் மயூர் விஹார் வீட்டில் மருமகள் புதுப் படுக்கை விரிப்பு ஒன்றைப் பிரித்தாள். நான்கு மூலையிலும் எலாஸ்டிக். இழுத்து மாட்டினாள், வேலை முடிந்தது. என் கைகள் மட்டும் மூலையை மடிக்கக் கிளம்பிவிட்டன.

அஞ்சல் உறைபோல மடிய வேண்டும் அந்த மூலை. எழுபதுகளில், திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்த புதிதில், தில்லியில் நர்சிங் சேர்ந்த எனக்குப் பினாயில் வாசனையைவிட அந்த மடிப்புதான் பெரிய தொல்லை. தொடக்க மாதங்கள் சோதனைக் காலம். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கரோல் பாகில் அப்பா எனக்காக டைப்ரைட்டிங் வகுப்பு பார்த்து வைத்திருந்தார். அவருக்கு நம்பிக்கை அவ்வளவு.

தேர்வு நாளில் எனக்கு வாய்த்தவர் மெலிந்த பெரியவர். அவர் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்ற வேண்டும். விதிப்படி தலையணைகளை எடுத்து, அவரை மல்லாக்கப் படுக்க வைத்தேன்.

"பேட்டீ, தம் குட் ரஹா ஹை" என்றார் இந்தியில்.

என் இந்தி அரைகுறை. தம் என்றால் எனக்குத் தெரிந்தது அண்ணனின் நண்பர்கள் மாடியில் ஒளிந்து அடிப்பதுதான். "பீடி நஹி, பாபாஜி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு மூலையை மடித்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகங்கள் நீலமாக இருந்தன. விரிப்பை விட்டால் தேர்வு போய்விடும். விட்டேன். அவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். விரிப்பு தரையில் விழுந்தது.

தேர்வு நடத்திய எங்கள் டியூட்டர் சிஸ்டர் நாகர்கோவில்காரர். வார்டில் ஆங்கிலம்தான் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"தம் கேக்காரு சிஸ்டர். ஆனா நகமெல்லாம் நீலமா இருக்கு..."

"பீடி இல்லட்டி மூதி! மூச்சு முட்டுதுங்காரு!" ஆயா பக்கம் திரும்பி, "ஜல்தி, சிலிண்டர்!"

ஆக்சிஜன் வைத்து, அவர் மூச்சு சீராகும்வரை முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். பிறகு சிஸ்டர் புது விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "உக்காந்தபடியே மாத்துவோம். பிடி."

மாற்றி முடித்ததும் பெரியவர் மெல்ல, "ஏக் பீடி மிலேகி?" என்றார்.

"இப்பதான் கேக்காரு ஒன் தம்மு" என்றார் சிஸ்டர், சிரிக்காமல்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏன் என்று கேட்கத் துணிவில்லை.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கண்ணாடிக் கட்டடம். போன வருடம் போயிருந்தேன். முதல் வருடப் பெண்கள் ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூலைகள் குறையில்லை. பொம்மை எத்தனை நேரமானாலும் மூச்சு முட்டாமல் மல்லாந்து கிடந்தது.