விரல்மேல் வைத்த லேபிள்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. சிவகாசிப் பக்கத்து கம்பெனி ஒன்றில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் வேலை பார்த்தேன். வெம்பக்கோட்டை பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குக் காலையில் கம்பெனி வேன் வரும். பதினைந்து பேருக்கான வேனில் முப்பது பேர் ஏறுவோம். ஒருநாள் குறுக்கே ஆடு வந்ததால் டிரைவர் பிரேக் அடித்தார். நின்றுகொண்டிருந்த நான் முன்சீட்டுக் கம்பியில் தொண்டை இடிக்க விழுந்தேன். கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. பிறகு வந்துவிட்டது.

விஷயம் வெளியே தெரிந்தால், அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதற்காக எங்கள் ஊருக்கு வேனை நிறுத்திவிடுவார்கள். அதனால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வேனுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். வாய் திறக்காமல் இருப்பது எனக்குச் சிரமமான காரியம் இல்லை. கழுத்தில் வந்த வீக்கத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வீக்கம் பாதி வற்றியது. ஆனால் சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டும் ஜாக்கெட் தொளதொளத்தது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. போர்மேன் பார்த்துவிட்டார்.

"யம்மா, கை இந்த ஆட்டம் ஆடுனா மருந்து ரூமுக்குள்ள எப்படி விட? அங்கன நாலு பேரு உசுரு இருக்குல்ல. போயி லேபிள் ஒட்டுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். லேபிள் ஒட்டும் இடத்தில் வரவேற்பு பலமாக இருந்தது. "என்னக்கா, மருந்து ரூமு மகராணி பயந்து ஓடியாந்துட்டீகளா?"

பயம்தான் என்று நானும் நம்பினேன். பதினோரு வருஷம் ஆடாத கை. இனி அந்த வேலை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப்போய் திருநீறு பூசிவிட்டாள். கை நிற்கவில்லை. அதன்பிறகு விருதுநகர் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் என் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். அது படபடத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார்.

"கழுத்துல எங்கயும் அடிபட்டுச்சாம்மா?"

"இல்லய்யா. தானா வீங்கிருச்சு."

"அப்ப கட்டியான்னு மதுரையில பாக்கணும். ஆபரேஷன்கூட பண்ண வேண்டியிருக்கும்." கடிதம் எழுதப் பேனாவை எடுத்தார்.

மதினி என் இடுப்பில் கிள்ளினாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அய்யா, இவ வேன் கம்பியில இடிச்சிக்கிட்டா. நானும் அந்த வேன்லதான் நின்னேன். வேன் போனா நடந்து போயிக்கிடலாம். கழுத்து போனா என்னத்த செய்ய?"

"இதச் சொல்ல இம்புட்டு நேரமா? நான் என்ன உங்க கம்பெனி மேனேஜரா?"

ஸ்கேனில் ரத்தக்கட்டுதான் இருந்தது. கட்டி எதுவும் இல்லை. கழுத்தில் அடிபட்ட தைராய்டு சுரப்பி, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மொத்தமாக ரத்தத்தில் விட்டிருக்கிறது. அது தீர்ந்தால் படபடப்பும் நடுக்கமும் நின்றுவிடும். நடுவில் கொஞ்ச நாள் சோர்வு வரலாம் என்றார்.

"அப்ப இது பயம் இல்லையாய்யா?" நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"பயமெல்லாம் இல்லம்மா."

படியிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மதினி வடை வாங்கித் தந்தாள்.

தினமும் காலையில் கையை நீட்டி, விரல்மேல் ஒரு புஸ்வாண லேபிளை வைத்துப் பார்ப்பேன். முதலில் துள்ளியது. அப்புறம் ஓரம் மட்டும் ஆடியது. சோர்வும் வந்தது, பாதி நாள் படுத்தே கிடந்தேன். நாலாவது மாதம் ரத்தம் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

போர்மேனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் முன்னால் போய் நின்று, கையை நீட்டி லேபிளை வைத்தேன்.

"என்னம்மா, வித்தை காட்டுதீக?"

நான் கையை எடுக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். மூச்சு படக்கூடாது என்று தலையைக்கூடத் திருப்பிக்கொண்டு, பிறகு மறுபடி பார்த்தார். லேபிள் அசையவில்லை.

"திங்கக்கெழம உள்ள வாங்க" என்றார்.