காற்று நின்ற தொட்டி

பல்லடத்துக்கு வடக்கே கருப்பாத்தாளுக்குக் கொஞ்சம் தக்காளிக் காடும் ஒரு கிணறும் இருந்தன. ஓடைக்கு மேலே சாயப்பட்டறை வந்த பிறகு அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. தொண்ணூற்றேழில் பட்டறைக்காரர் கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டி ஆள் தேடினார். கருப்பாத்தாள் தானே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் கிணற்றைக் காக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பட்டறையின் கெமிஸ்ட் சந்தனம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாள்.

"இதான் பாக்டீரியாக்கா. உருண்டை ஒரு வகை, குச்சி ஒரு வகை, சுருள் ஒரு வகை."

"வாயக் காணமே கண்ணு, எப்படித் திங்குது?"

"வாயே கிடையாது. அழுக்கு மேல சாறு விட்டுக் கரைச்சு, உடம்பாலயே உறிஞ்சிக்கிரும். வெயில வச்சுச் சொந்தமாச் சோறாக்குறதும் உண்டு. நம்ம தொட்டியில இருக்குறது அழுக்குத் தின்னிக. ஆனா காத்து வேணும். காத்து நின்னா இதுக செத்து, காத்து வேண்டாத கூட்டம் பெருகிரும். அதுக தின்னா நாறும்க்கா."

சித்திரையில் காற்றடிக்கும் மோட்டார் புகைந்து நின்றது. மறுநாளே தொட்டி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கெட்ட தண்ணீரை வெளியேற்றிவிட சூப்பர்வைசர் குருசாமி ஓடைக்குப் போகும் வால்வைத் திறக்கப் போனார்.

"ஒரு பொழுது பொறுங்க சாமி" என்று கெஞ்சிவிட்டுக் கருப்பாத்தாள் வீட்டுக்கு ஓடினாள். தன் கிணற்று மோட்டாரையே கழற்றினாள். புருஷன் சென்னியப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"தக்காளி பூவெடுத்து நிக்குது. தண்ணியில்லாமக் கருகிருமே!"

"கெணறே போச்சுன்னா எதை வெச்சு வெள்ளாமை பண்றதுங்க?"

அந்த மோட்டாரைத் தொட்டியில் பொருத்தியதும் மறுபடி காற்றடித்தது. புதுப் பாக்டீரியா பெருகட்டும் என்று குடம் குடமாகச் சாணியைக் கரைத்து ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சந்தனம் கூவினாள்: "ஊருதுக்கா! இருக்குதுக!"

ஆனால் சாயம் போடுவதை முதலாளி நிறுத்தவில்லை. கப்பலுக்குச் சரக்குப் போக வேண்டும். தொட்டி விளிம்பு வரை நிறைந்து தளும்பியது. கருப்பாத்தாள் வால்வுச் சக்கரத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். குருசாமி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான் தொறக்கலீன்னா வேற ஆள் வந்து தொறப்பான்."

கறுப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கியது.

வைகாசியில் தொட்டி தெளிந்தது. அதற்குள் தக்காளி காய்ந்து சருகாகியிருந்தது. ஆடி பிறக்கும் முன்பே கிணற்றிலிருந்து செந்நீர் வந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, கருப்பாத்தாள் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் வேலைக்குப் போனாள். சோற்றுக்கு இனி அந்தக் கூலி ஒன்றுதான்.